வில்லன் பிடித்த கோட்டை

1215-ம் வருஷம் நவம்பர் 25-ம் தேதி. இங்கிலாந்து ராஜா ஜானிடமிருந்து ஓர் அவசர உத்தரவு கிளம்பியது. பெறுபவர், ராஜ்யத்தின் தலைமை நீதி அதிகாரி ஹியூபர்ட் டி பர்க். விஷயம், பன்றி! நாற்பது பன்றிகள் உடனே வேண்டும், ராத்திரி பகல் பார்க்காமல் அனுப்பி வைக்க வேண்டும், கொழுப்பு நிறைய இருக்க வேண்டும், ஆனால் சாப்பிட அவ்வளவாக லாயக்கில்லாத ரகமாகப் பார்த்து அனுப்ப வேண்டும்...

சாப்பிட லாயக்கில்லாத பன்றி ராஜாவுக்கு எதற்கு? பொறுங்கள், சொல்கிறேன். அந்தப் பன்றிகள் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான் சமீபத்தில் பார்த்துவிட்டு வந்தேன்.

இடம், ராச்செஸ்டர். லண்டனிலிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் முக்கால் மணிக்குள் இறக்கிவிட்டு விடுகிறான். கென்ட் மாவட்டத்தில் மெட்வே ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கும் சின்ன ஊர். லண்டனில் வேலை பார்க்கும் என் அக்கா பையன்தான் கூட வந்தான். அவனுக்கு இதில் அவ்வளவாக இஷ்டம் இல்லை.

"கோட்டைதானே மாமா பார்க்கணும்? லண்டன்லயே டவர் இருக்கே. கோஹினூர் வைரமே அங்கதான் இருக்கு!"

"அங்கே வைரத்தைப் பார்க்கலாம்டா. எனக்கு மனுஷங்க எப்படிக் குடியிருந்தாங்கன்னு பார்க்கணும்."

"மனுஷங்கதானே... எங்க அபார்ட்மென்ட்ல பாருங்களேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் எடுத்தான்.

ராச்செஸ்டரின் கடைவீதி முழுக்கச் சார்லஸ் டிக்கன்ஸ் மயம். பக்கத்து ஊரான சாத்தமில் சிறுவயதில் வளர்ந்தவர் அவர். டீக்கடையிலிருந்து பழைய புத்தகக் கடை வரை எல்லாவற்றுக்கும் அவருடைய கதாபாத்திரங்கள்தான் ஸ்பான்ஸர். அந்தத் தெருவில் நடந்து ஒரு முடுக்கில் திரும்பியதும், அடேயப்பா... வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது கோட்டையின் நடுக்கோபுரம். சுவரின் உயரமே 113 அடி. மூலைக் கோபுரங்கள் அதற்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. சதுரமாக, பக்கத்துக்கு எழுபது அடி. அடிப்பகுதியில் சுவரின் கனம் சுமார் பன்னிரண்டு அடி. ஒரு சின்ன சமையலறையைச் சுவருக்குள்ளேயே அமைத்துவிடலாம்!

நின்று நிதானமாகப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். நான்கு மூலைகளில் மூன்று மூலைக் கோபுரங்கள் சதுரம். தென்கிழக்கு மூலை மட்டும் உருண்டை. மூன்று பல் சொந்தம், நாலாவது கட்டின பல் என்கிற மாதிரி. ஏன் அப்படி என்பதற்குப் பன்றிதான் பதில். அதற்கு முன்னால் உள்ளே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வரலாம், வாருங்கள்.

1066-ல் நார்மண்டிக்காரர்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள் அல்லவா... பிடித்த கையோடு செய்த முதல் வேலை, முக்கியமான ஊர், ஆற்றுத்துறை எதையும் விடாமல் கோட்டை கட்டியதுதான். வந்தவர்கள் கொஞ்சம் பேர், ஊர்க்காரர்களோ நிறைய. ராத்திரி நிம்மதியாகத் தூங்க வேண்டுமே! லண்டனிலிருந்து கான்டர்பரி போகும் பழைய ரோமானிய ரோடு மெட்வே ஆற்றைத் தாண்டும் இடம் ராச்செஸ்டர். ஆகவே அங்கே ஒரு கோட்டை. முதலில் மண்ணும் மரமும். பிறகு 1080-களின் கடைசியில் ஊர் பிஷப் கன்டல்ஃப் கல்சுவர் எழுப்பினார். லண்டன் டவரின் வெள்ளைக் கோபுர வேலையைப் பார்த்துக்கொண்டவரும் இவர்தான். ஜெபம் ஒரு கையில், கொத்துக்கரண்டி மறு கையில்!

1127-ல் முதலாம் ஹென்றி ராஜா, கோட்டையைக் கான்டர்பரி ஆர்ச்பிஷப் பொறுப்பில் விட்டார். காலாகாலத்துக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே ஒரு கோபுரமும் கட்டிக்கொள்ளுங்கள் என்று அனுமதி. அப்போதைய ஆர்ச்பிஷப் வில்லியம் டி கார்பே கட்டியதுதான் நாம் அண்ணாந்து பார்க்கும் இந்த நடுக்கோபுரம். இங்கிலாந்தில் நிற்கும் நார்மானிய கோபுரங்களில் இதுதான் உயரம்.

உள்ளே நுழைந்தால் தலைக்கு மேலே ஆகாசம். கூரை கிடையாது, மாடிகளும் கிடையாது. உத்தரங்களும் பலகைகளும் எப்போதோ போய்விட்டன. சுவரில் உத்தரம் சொருகியிருந்த ஓட்டைகளில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. மாடித்தளம் இல்லாவிட்டாலும் மேலே போகலாம். படிக்கட்டும் நடைபாதையும் சுவரின் கனத்துக்குள்ளேயே ஓடுகின்றன. ஒருத்தர் ஏறும்போது இன்னொருத்தர் இறங்கினால், இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் ஆகிவிட வேண்டியதுதான்.

நம் ராஜா ராணி சினிமாக்களில் வரும் வெல்வெட் திரை, வழவழ தரை, இருபுறமும் சாமரம் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள். கீழ்த்தளம் கிடங்கு. தானியம், உப்பு போட்ட மாமிசம், ஒயின் பீப்பாய், எல்லாம் அங்கே. ஜன்னல் என்று பெயருக்குக் கீறல்கள். முதல் மாடியில்தான் வாசலே இருக்கிறது. வெளிப்படிக்கட்டில் ஏறி, தூக்குப்பாலம் தாண்டி, ஒரு முன்கட்டடத்துக்குள் நுழைந்து உள்ளே வரவேண்டும். அதற்கு மேல் மாடியில் பெரிய மண்டபம். கோபுரத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்கும் ஒரு குறுக்குச் சுவர். மண்டபம் இருக்கும் மாடியில் மட்டும் அந்தச் சுவரில் அழகான வளைவுகள், தூண்கள். அந்தக் குறுக்குச் சுவருக்குள்ளேயே கிணற்றின் குழாய் அடியிலிருந்து ஒவ்வொரு மாடியாக மேலே போகிறது. எந்த மாடியில் நின்றும் வாளியை விட்டுத் தண்ணீர் சேந்தலாம். தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் மாடிக்கு மாடி தண்ணீர் வசதி! எங்கள் தெருவில் முதல் மாடிக்குத் தண்ணீர் ஏறவே மோட்டாரின் மனசு வைக்க வேண்டியிருக்கிறது.

குளிர்காய அடுப்புகளும் சுவருக்குள். புகை, சுவரில் விட்ட ஓட்டை வழியாக வெளியே போகும், காற்று அனுமதித்தால். கழிப்பிடமும் சுவருக்குள்தான். நாகரிகமாக அதற்கு 'கார்டரோப்' என்று பெயர். அர்த்தம் என்ன தெரியுமா? துணிமணி வைக்கும் அறை! இடக்கரடக்கல் எல்லா பாஷையிலும் உண்டு போலிருக்கிறது.

மண்டபத்தில் ஒரு பக்கம் கோட்டைத் தலைவர் உட்கார்ந்து விருந்து. சாப்பாட்டுத் தட்டு பெரும்பாலும் ஒரு தடித்த காய்ந்த ரொட்டித் துண்டுதான். அதன் மேல் வைத்த மாமிசத்தைச் சாப்பிட்டபின், குழம்பு ஊறிய அந்த ரொட்டி வாசலில் காத்திருக்கும் ஏழைகளுக்கு. ராத்திரி தலைவருக்குத் திரை போட்ட கட்டில். வேலைக்காரர்கள் அதே மண்டபத் தரையில் வரிசையாக உருள வேண்டியதுதான். பெரிய பிரபுக்கள் ஒரே கோட்டையில் வருஷம் முழுக்க இருப்பதும் இல்லை. பல ஊர்களில் நிலம், பல ஊர்களில் வீடு. ஓரிடத்தில் கிடங்கு காலியானதும் அடுத்த இடத்துக்குப் பரிவாரத்தோடு கிளம்பிவிடுவார்கள். கிடங்கு காலியாகிறபோது கார்டரோப் நிறைந்திருக்கும், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

"இதெல்லாம் சரி மாமா, கிடங்கை யார் ரொப்பினாங்க?" என்றான் அக்கா பையன். கம்ப்யூட்டர்காரன் ஆனாலும் நல்ல கேள்வி.

அங்கேதான் கதையின் வேர் இருக்கிறது. தேசத்து நிலம் முழுக்க ராஜாவுடையது. இது கணக்கு. அவர் அதைப் பிரபுக்களுக்கும் பிஷப்புகளுக்கும் பிரித்துக் கொடுத்தார். பிரபு தன் பங்கிலிருந்து குதிரை வீரர்களுக்குக் கொடுத்தார். பணம் வாங்கிக்கொண்டு அல்ல, விசுவாசமாக இருக்கிறேன் என்ற சத்தியத்தையும் யுத்த சேவையையும் வாங்கிக்கொண்டு. குதிரையும் கவசமுமாக வருஷத்துக்கு நாற்பது நாள் வந்து நிற்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. நாற்பத்தோராவது நாள், "நான் வர்றேங்க" என்று கிளம்பினால் தடுக்க முடியாது, கையில் காசைத் திணித்தால் ஒழிய.

ராச்செஸ்டர் கோட்டைக்குக் காவல் நிற்க வேண்டும் என்ற கடமையோடு சில நிலங்கள் இருந்தன. போகப்போக, ஆள் வரவேண்டாம், காசாகவே கட்டிவிடு என்று ஆயிற்று. கெடு, நவம்பர் 30, செயின்ட் ஆண்ட்ரூ தினம். அன்று கட்டாவிட்டால்? மெட்வேயில் கடல் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு தடவையும் பாக்கி இரட்டிப்பாகும் என்று ஒரு விதி இருந்ததாகப் பழைய ஊர்ச் சரித்திரங்கள் சொல்கின்றன. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட இரண்டு தடவை ஏறும். பத்துத் தடவை ஏறி இறங்கினால் ஒரு ரூபாய் கடன், ஆயிரத்து இருபத்துநாலு ரூபாய்! மீட்டர் வட்டிக்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும். ஆற்றையே வசூல் குமாஸ்தாவாகப் போட்டவர்கள் வேறு யாரும் இருக்கிறார்களா, தெரியவில்லை.

இந்த அடுக்கில் எல்லோருக்கும் அடியில் ஒருத்தன். இங்கிலாந்தின் கிராமத்து ஜனங்களில் பெரும் பகுதி அவன்தான். பிரபுவின் வயலில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் சும்மா உழைக்க வேண்டும். அறுப்புக் காலத்தில் கூடுதலாக வரவேண்டும். தன் வயல் கதிர் மழையில் நனைந்தாலும் முதலில் ஐயா வீட்டு அறுப்பு. தன் கோதுமையை ஐயாவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைப்பதற்குக் கூலியாக மாவில் ஒரு பங்கு போய்விடும். வீட்டிலேயே கைத்திரிகை வைத்து அரைத்தால் அபராதம். பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்டி அனுமதி வாங்க வேண்டும். அவன் செத்தால் வீட்டிலிருக்கும் உயர்ந்த மாடு பிரபுவுக்கு. ஊரைவிட்டுப் போகக்கூடாது. தப்பி ஓடி, அடிமை வழக்கமில்லாத ஒரு பட்டணத்தில் ஒரு வருஷமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் பல இடங்களில் விடுதலை உண்டு.

"மாமா, இது ஏறக்குறைய என் விசா மாதிரியே இருக்கே. கம்பெனியை விட்டா ஊரை விடணும்!" என்றான் பையன்.

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு கம்பெனிக்குப் பணம் கட்டுவியா?"

"அது இல்லை."

"அப்ப சும்மா வா."

இந்த மனிதனுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் தெரியுமா? வில்லன்! சாட்சாத் நம் சினிமா வில்லனேதான். 'வில்லா' என்றால் லத்தீனில் பண்ணை வீடு. பண்ணையில் கிடந்து உழைப்பவன் வில்லானஸ். பிரெஞ்சுக்குப் போய் இங்கிலீஷுக்கு வந்து அவன் 'வில்லன்' ஆனான். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் கோட்டைப் பக்கமும் சர்ச் பக்கமும் இருந்தார்கள். அவர்கள் அகராதியில் பண்ணையாள் என்றால் நாகரிகம் இல்லாதவன், அப்புறம் கெட்டவன், கடைசியில் கதாநாயகியைக் கடத்துகிறவன்! எந்தப் பாவமும் செய்யாமல் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தவன் பெயர் கடல் தாண்டி வந்து நம் ஊரில் கன்னத்து மருவோடும் கோரைப் பல்லோடும் சுற்றுகிறது. எதிர்ப்பக்கம் 'லார்ட்' என்ற வார்த்தையைப் பாருங்கள். பழைய இங்கிலீஷில் அதற்கு 'ரொட்டியைக் காப்பவர்' என்று பொருள். 'லேடி' என்றால் ரொட்டிக்கு மாவு பிசைபவள். உழுதவன் வில்லன், ரொட்டிமேல் உட்கார்ந்தவர் லார்ட்! என்ன நியாயம் சார் இது?

சரி, பன்றிக்கு வருவோம்.

1215 ஜூன் 15-ம் தேதி ஜான் ராஜாவை மடக்கிப் பிடித்து, பிரபுக்கள் ஒரு சாஸனத்துக்கு முத்திரை வாங்கினார்கள். அதுதான் பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த மாக்னா கார்ட்டா. சட்டப்படி அல்லாமல் யாரையும் சிறைபிடிக்கக் கூடாது என்று அருமையாக ஒரு ஷரத்து அதில் இருக்கிறது. யாரையும் என்றால்? 'சுதந்திர மனிதன்' யாரையும். மேலே சொன்னோமே வில்லன், அந்த அப்பாவி அந்த ஷரத்துக்கு வெளியே!

ஜான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஜாதி இல்லை. சில வாரங்களிலேயே உடன்படிக்கை அம்பேல். பிரபுக்களில் ஒருவரான வில்லியம் டி ஆல்பினி சுமார் நூறு குதிரை வீரர்களோடும் வில்லாளிகளோடும் அக்டோபரில் ராச்செஸ்டர் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். லண்டனுக்குப் போகும் வழியை அடைத்தாயிற்று. இரண்டே நாளில் ராஜா வந்து முற்றுகை போட்டுவிட்டார்.

ஐந்து ராட்சஸக் கவண்கள் வைத்துக் கல் வீசினார்கள். கான்டர்பரி ஊருக்கு உத்தரவு போயிற்று, ராப்பகலாகக் கடப்பாறை செய்து அனுப்பு என்று. ஆற்றுப் பாலத்தை உடைத்தார்கள். சர்ச்சுக்குள் குதிரைகளைக் கட்டினார்கள் என்று அந்தக்காலச் சாமியார் ஒருவர் வயிறெரிந்து எழுதி வைத்திருக்கிறார். காப்பாற்ற லண்டனிலிருந்து கிளம்பிய படை பாதி வழியில் திரும்பிவிட்டது. வெளிமதில் விழுந்தது. நடுக்கோபுரம் மட்டும் விழவில்லை. உள்ளே உணவு தீர்ந்து, சொந்தக் குதிரைகளை வெட்டிச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் பன்றி ஆர்டர். தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மேலே சுவர் உட்காராமல் இருக்க மரத்தூண்களால் முட்டுக் கொடுத்தார்கள். பிறகு விறகைத் திணித்து, நாற்பது பன்றிக் கொழுப்பையும் போட்டுக் கொளுத்தினார்கள். கொழுப்பு பற்றி எரிந்தால் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. அடுக்களைக்காரர்களைக் கேளுங்கள். முட்டுக்கட்டைகள் எரிந்து சாம்பலானதும், கீழே பிடிமானம் இல்லாமல் கோபுரத்தின் அந்த மூலை அப்படியே தடதடவென்று சரிந்தது!

அப்படியும் உள்ளே இருந்தவர்கள் விடவில்லை. குறுக்குச் சுவர் சொன்னேன் அல்லவா, அதற்கு அந்தப்புறம் போய் நின்றுகொண்டு பாதிக் கோபுரத்திலிருந்து சண்டை போட்டார்கள். கடைசியில் பசிதான் ஜெயித்தது. நவம்பர் 30-ம் தேதி சரண். அதே செயின்ட் ஆண்ட்ரூ தினம், பாக்கி தீர்க்கும் தினம்!

எல்லோரையும் தூக்கில் போடு என்று குதித்தார் ஜான். "இன்றைக்கு அவர்களை நாம் தூக்கில் போட்டால், நாளைக்கு நாம் மாட்டிக்கொள்ளும்போது நம்மையும் போடுவார்களே" என்ற மாதிரி அவருடைய தளபதி ஒருவர் எடுத்துச் சொன்னார். ராஜா யோசித்தார். பிரபுக்கள் சிறைக்குப் போனார்கள். தூக்கில் தொங்கியது ஒரே ஒரு ஆள். சின்ன வயதிலிருந்து ஜானிடம் வளர்ந்து, கட்சி மாறிய ஒரு வில்லாளி. சாதாரண ஆள். பிரபுக்கள் சண்டை போட்டார்கள், பிரபுக்கள் சமாதானம் ஆனார்கள், கயிறு மட்டும் கீழ்ப்படிக்காரனுக்கு.

மறு வருஷமே ஜான் வயிற்றுக்கடுப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மகன் மூன்றாம் ஹென்றி, இடிந்த மூலையைப் புதுப்பாணியில் உருண்டையாகக் கட்டினார். உருண்டையில் கல் பட்டால் வழுக்கிக்கொண்டு போகும், கடப்பாறை போடவும் கூர்மூலை கிடைக்காது. இதுதான் அந்தக் கட்டின பல்லின் கதை. கோட்டை மறுபடி ஜம்மென்று ஆகிவிட்டது. 1264-ல் இன்னொரு பிரபுக் கூட்டம் வந்து முட்டிப் பார்த்தது. நடுக்கோபுரம் அசையவில்லை.

ஆனால் 1381-ல் அசைந்தது. ராஜா ஏழு வாரம் மல்லுக்கட்டி, ஐந்து கவணும் நாற்பது பன்றியும் செலவழித்துப் பிடித்த கோட்டையை, கவணும் இல்லாமல் பன்றியும் இல்லாமல் ஒரு கூட்டம் பிடித்தது. யார்? நம் வில்லன்!

1348-ல் இங்கிலாந்துக்குள் நுழைந்த பிளேக், மூன்றில் ஒரு பங்கு ஜனத்துக்கும் மேலாக வாரிக்கொண்டு போய்விட்டது. வயல் இருக்கிறது, ஆள் இல்லை. பிழைத்திருந்த கூலிக்காரன், "இந்தச் சம்பளத்துக்கு வரமாட்டேன்" என்று வாய் திறந்தான். உடனே 1351-ல் சட்டம்! பிளேக்குக்கு முன்னால் என்ன கூலியோ அதுதான் இப்போதும், கூடக் கேட்டால் தண்டனை. போதாக்குறைக்குப் பிரான்சோடு நடந்த முடிவில்லாத யுத்தத்துக்குத் தலைவரி. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட தலைக்கு ஒரு ஷில்லிங். கூலிக்காரனுக்கு அது பல நாள் சம்பளம்.

புகைந்துகொண்டிருந்த நேரத்தில் ஜூன் மாதம் ஒரு சம்பவம். சைமன் பர்லி என்பவர் ராஜாவுக்கு வேண்டப்பட்ட பெரிய பிரபு. கிரேவ்ஸெண்ட் ஊரில் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்த ஒருவனை, "இவன் ஓடிப்போன என் பண்ணையாள்" என்று அவர் பெயரால் பிடித்தார்கள். ராபர்ட் பெல்லிங் என்பது அவன் பெயர். கென்ட் மாவட்டத்தில் அடிமை முறை கிடையாது, அங்கே பிறந்தவன் சுதந்திரமானவன் என்பது பழைய வழக்கம். அந்த மண்ணில் வந்து ஆளைத் தூக்குவதா என்று ஊர்க்காரர்களுக்குக் கோபம். இருந்தாலும் மரியாதையாகவே சமரசம் பேசினார்கள். விடுவிக்க எவ்வளவு வேண்டும்? முந்நூறு பவுன் வெள்ளி! அந்தக் காலத்தில் ஒரு கூலிக்காரன் ஆயுசு முழுக்க உழைத்தாலும் பார்க்க முடியாத தொகை. முடியாது என்றதும், பெல்லிங்கைக் கொண்டுபோய் அடைத்த இடம்தான் இந்த ராச்செஸ்டர் கோட்டை.

ஜூன் 6-ம் தேதி கென்ட்காரர்களும் எஸ்ஸெக்ஸ்காரர்களும் சேர்ந்து கோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்கள். குடியானவன், தச்சன், கொல்லன், கூரை வேய்கிறவன், கையில் கிடைத்த ஆயுதம். கோட்டை அதிகாரி சர் ஜான் நியூட்டன் அரை நாள் தாக்குப்பிடித்தார் என்று ஓர் அந்தக்காலக் குறிப்பு சொல்கிறது. அரை நாள்! அப்புறம் கதவு திறந்தது. பெல்லிங் வெளியே வந்தான். நியூட்டனைக் கூடவே நடத்திக் கூட்டிப்போய் ராஜாவிடம் தூது போக வைத்தார்கள்.

நான் அந்தக் குறுக்குச் சுவருக்குப் பக்கத்தில் நின்று இதை யோசித்துப் பார்த்தேன். சுவர் அதே சுவர்தான். பன்னிரண்டு அடி கனத்தில் ஓர் அங்குலம் குறையவில்லை. மூலை வேறு உருண்டையாக, முன்னைவிட உறுதியாக இருந்தது. ஆனால் 1215-ல் சுவருக்குப் பின்னால் சாவதற்குத் தயாராக நூறு பேர் இருந்தார்கள். 1381-ல்? உள்ளே காவல் நின்ற சேவகன் ஒருவன் எட்டிப் பார்த்திருப்பான். கீழே நிற்கிறவன் முகம் பக்கத்து ஊர் முகமாக இருந்திருக்கும். தன் அப்பன் முகமாகவே இருந்திருக்கலாம். யாருக்காக அம்பு விடுவது? கல்லைத் தூக்கி வைத்தவனும், கிடங்கை ரொப்பியவனும், கிணற்றில் தண்ணீர் சேந்தியவனும் ஒரே நாளில் வெளியே வந்து நின்றுவிட்டால் கோட்டை என்பது வெறும் உயரமான சுவர்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரிந்த சோகம். வாட் டைலர் என்பவர் தலைமையில் லண்டனுக்குள் நுழைந்தார்கள். ஜூன் 14-ல் லண்டன் டவருக்குள்ளேயே புகுந்து கான்டர்பரி ஆர்ச்பிஷப்பின் தலையை எடுத்தார்கள். கொடுமைதான், அதை நியாயப்படுத்த முடியாது. அன்றைக்கே பதினான்கு வயது ராஜா இரண்டாம் ரிச்சர்ட், அடிமை முறையை ஒழிப்பதாக எழுதிக் கொடுத்தார். மறுநாள் பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்தில் டைலரைக் குத்திக் கொன்றார்கள். சில வாரங்களில் ராஜா கொடுத்த கடிதம் எல்லாம் ரத்து. நீங்கள் அடிமைகள்தான், அடிமைகளாகவே இருப்பீர்கள் என்று அவர் சொன்னதாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏகப்பட்ட பேருக்குத் தூக்கு. பெல்லிங் பிறகு என்ன ஆனான் என்று கதை எழுதுபவர்கள் யாரும் கவலைப்படவில்லை. சைமன் பர்லி என்ன ஆனார் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. 1388-ல், சக பிரபுக்களே பார்லிமெண்டில் குற்றம்சாட்டி அவர் தலையை எடுத்துவிட்டார்கள்!

தோற்றுப்போன போராட்டமா? பார்த்தால் அப்படித்தான். ஆனால் 15-ம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்தில் வில்லன்கள் ஏறக்குறைய இல்லாமலே போனார்கள். எந்த ராஜாவும் உத்தரவு போட்டு ஒழிக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை. கட்டிப்போட்டால் ஓடிப்போனான். பிரபுக்களே குத்தகைக்கு இறங்கி வந்தார்கள். தலைவரியின் வாசனையே அந்த ஊருக்கு ஆகவில்லை போலும். 1990-ல் மார்கரெட் தாட்சர் அரசு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு வரி போட்டபோது, ஜனங்கள் அதை 'போல் டாக்ஸ்' என்று 1381-ன் பெயராலேயே கூப்பிட்டார்கள். மார்ச் 31-ம் தேதி லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம். நவம்பரில் தாட்சர் பதவி விலகினார். 1993-ல் அந்த வரியும் போயிற்று.

சுவர்ப் படிகளில் மூச்சு வாங்க உச்சிக்கு ஏறினோம். ஒரு பக்கம் மெட்வே ஆறு, கடல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் குதிரை கட்டிய அதே சர்ச், இப்போது சாந்தமாக. கீழே புல்வெளியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிளாஸ்டிக் வாளோடு யுத்தம். காது கிழிகிற சத்தம்.

இறங்கி வந்து கடையில் நுழைந்தோம். வாள், கேடயம், அட்டைக் கிரீடம், இளவரசிக்குக் கூம்புத் தொப்பி, எல்லாம் இருக்கிறது. வில்லனுக்கு மட்டும் எதுவும் இல்லை. ஒரு மண்வெட்டி, ஒரு கடப்பாறை, ஓர் அரிவாள், ஊஹூம்.

"உங்க பேரனுக்கு ராஜா கிரீடம் வாங்கிட்டுப் போங்க மாமா, குஷியாயிடுவான்" என்றான் பையன்.

வாங்கினேன். பேரன்கள் எல்லோரும் ராஜாதானே. விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான், அதுவரை சும்மா வந்துகொண்டிருந்த என் அக்கா பையன் பெருமூச்சோடு சொன்னான்:

"வரி சேர்த்துத்தான் போட்டிருக்கான் மாமா!"